மஞ்சள் போர்டில் போகும் குடும்பங்கள்

நாலு சக்கர வண்டி ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களில், மளிகைக்கடைக்காரரும் காய்கறி போடும் விவசாயியும் பெரும்பாலும் கார் வாங்குவதில்லை. 'குட்டி யானை' என்று நம் ஊரில் பெயர் வாங்கிவிட்ட டாடா ஏஸையோ, அசோக் லேலண்டின் தோஸ்தையோ, பொலீரோ பிக்கப்பையோதான் வாங்குகிறார்கள். விடியற்காலையில் மண்டிக்குச் சரக்கு, பகலில் உர மூட்டை, இரவில் யாருக்காவது மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரி, ஆடி பிறந்தால் குலதெய்வம் கோவில் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். வாடகைக்கு அது ஒருநாளும் ஓடியிருக்காது. ஆனாலும் முன்னாலும் பின்னாலும் மஞ்சள் போர்டு. அரசின் பதிவேட்டில் அது தொழில் வண்டி.

சொந்தத்துக்கே ஓடும் இந்தத் தொழில் வண்டிக்கு எப்படி வரி போடுகிறோம், எப்படிக் காப்பீடு செய்கிறோம், அந்தக் காப்பீடு உள்ளே உட்கார்ந்திருப்பவரை உண்மையில் காக்கிறதா என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியில் இந்த உரிமையாளருக்குச் சில தொல்லைகள் உண்டு, பெரிய அநியாயம் இல்லை. அநியாயம் காப்பீட்டில் இருக்கிறது. கார்க்காரரைவிடப் பல மடங்கு பிரீமியத்தை இவரிடம் வாங்கிக்கொண்டு, கார்க்காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பாதுகாப்பை இவர் குடும்பத்துக்கு மறுக்கிறோம்.

சட்டம் வண்டியைப் பார்க்கும் பார்வை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டிகளைப் போக்குவரத்து வாகனம், போக்குவரத்து அல்லாத வாகனம் என்று பிரிக்கிறது. சரக்கு வண்டிக்கு அது கொடுக்கும் இலக்கணம் இரண்டு பக்கமும் கட்டுகிறது. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வண்டி எதுவானாலும் அது சரக்கு வண்டி. அப்படிக் கட்டப்படாத வண்டியும், சரக்கு ஏற்றும் நேரத்தில் சரக்கு வண்டி. ஆகவே பின்னால் தொட்டி உள்ள வண்டியில் உங்கள் வயலில் விளைந்த நெல்லைத் தவிர வேறு எதையும் நீங்கள் ஏற்றாவிட்டாலும் அது போக்குவரத்து வாகனமே. கார் விஷயத்தில் இதே தர்க்கம் மறுபக்கமாக வேலை செய்கிறது. மைசூர் மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது இதுதான்: சொந்தக் காராகப் பதிவான வண்டியை எப்போதாவது கூலிக்கு ஓட்டினாலும் அந்த நேரத்துக்கு அது போக்குவரத்து வாகனம், பெர்மிட் வேண்டும்.

கவனித்தால் ஒரு சாய்வு தெரியும். சொந்த வண்டி ஒரு சவாரியில் தொழில் வண்டியாகிவிடும். தொழில் வண்டி எத்தனை ஆண்டு சொந்தத்துக்கே ஓடினாலும் சொந்த வண்டியாவதில்லை.

சிறிய சரக்கு வண்டி வேறு ரகம் என்பதைச் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 66ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. டாடா ஏஸ் இதற்குள் வசதியாக அடங்கும். ஆனால் விலக்கு பெர்மிட்டோடு நின்றுவிடுகிறது. எஃப்சி எனப்படும் தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். சொந்தக் கார் வாங்கியவர் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆய்வுக்குப் போகிறார். எஃப்சியை நான் குறை சொல்லவில்லை. பிரேக்கும் டயரும் யாராவது ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

தொட்டி வைத்த வண்டி எல்லாமே மஞ்சள் போர்டு என்றும் சொல்ல முடியாது. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் 2016இல் வந்தது. பின்னால் திறந்த தொட்டி, முன்னால் ஐந்து பேர் உட்காரும் அறை. அது வெள்ளை போர்டில், சொந்த வண்டியாகவே பதிவாகிறது. அதே நிறுவனத்தின் எஸ்-கேப் கிட்டத்தட்ட அதே அமைப்புடையது, தொழில் வண்டியாகப் பதிவாகிறது. டொயோட்டா ஹைலக்ஸும் வெள்ளை போர்டுதான். ஆக, தொட்டியும் இருக்கைகளும் சேர்ந்த வண்டியைச் சொந்த வண்டியாக ஏற்பதில் அரசுக்குக் கொள்கையளவில் தடை ஏதும் இல்லை. பல லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குபவருக்கு அது கிடைத்துவிட்டது. பொலீரோ கேம்பர் வாங்கும் பால் வியாபாரிக்குக் கிடைக்கவில்லை.

முன்பு இருந்த ஒரு பிரிவு

பழைய லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று எழுதியிருந்தது நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு ஏற்றுபவரை இரண்டாகப் பிரித்திருந்தது. ஊரார் சரக்கைக் கூலிக்கு ஏற்றுபவர் பப்ளிக் கேரியர். தன் சொந்தச் சரக்கையோ தன் வியாபாரத்துக்கு வேண்டிய சரக்கையோ மட்டும் ஏற்றுபவர் பிரைவேட் கேரியர். இருவருக்கும் தனித்தனிப் பெர்மிட். 1988 சட்டம் இந்தப் பிரிவை எடுத்துவிட்டு எல்லோரையும் சரக்கு வண்டி என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தது. பெர்மிட் முறையை எளிதாக்கியது என்ற அளவில் அது நல்லதே. ஆனால் வண்டியைச் சொந்தத்துக்கு வைத்திருப்பவர் என்ற ஆளே அதோடு பதிவேட்டிலிருந்து மறைந்துபோனார்.

காப்பீட்டுக் கட்டணப் பட்டியலில் மட்டும் அவர் இன்னும் இருக்கிறார். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல். அதன் விலைப்பட்டியல் 1939 சட்டத்தின் பிரிவுகளைப் பின்பற்றியே அமைந்தது. சட்டம் மாறிய பிறகும் பட்டியல் அந்த இடத்தில் மாறவில்லை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் மிச்சமாகும் இடம் அது.

வரி: தொல்லை எங்கே, நியாயம் எங்கே

வண்டி வரி மாநிலத்தின் அதிகாரம். அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57ஆம் பதிவு அதைத் தருகிறது. வரியின் அடிப்படை நெறிகளை வகுப்பதில் ஒன்றிய அரசுக்கும் பொதுப் பட்டியல் வழியாக இடம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1931இல் வந்த மோட்டார் வாகன வரிச் சட்டம் அதற்கு முன் உள்ளாட்சிகள் சாலையில் வசூலித்துவந்த சுங்கங்களுக்கு மாற்றாக வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம்.

சாலையைத் தேய்ப்பவர் சாலைக்குப் பணம் கொடுக்கட்டும் என்பதுதான் இந்த வரியின் தொடக்கக் கருத்து. அது இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு 2025 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாட்சி. விசாகப்பட்டினம் உருக்காலையின் மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய வண்டிகள் பொதுச் சாலையைப் பயன்படுத்தாத காலத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்றது அது. தன் தோட்டத்துக்குள் மட்டும் வண்டி ஓட்டும் பெருநிலக்காரருக்கு இது உதவலாம். சாலையில் ஓடும் நம் மளிகைக்கடைக்காரருக்கு உதவாது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் சொந்தக் காருக்கான ஆயுள் வரி இப்படி இருக்கிறது: விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9 லட்சம் ரூபாய்க் காருக்கு 1,17,000 ரூபாயைப் பதிவு நாளிலேயே எண்ணி வைக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு வரி விலையைப் பார்த்து வருவதில்லை. எடையைப் பார்த்து, தவணை தவணையாக வருகிறது. சிறிய சரக்கு வண்டிக்காரருக்கு ஒரே நாளில் லட்ச ரூபாய்ச் சுமை இல்லை. கையில் ரொக்கம் குறைவாக உள்ளவருக்கு இது பெரிய உதவி. தவணையை மறந்தால் அபராதம், எஃப்சி நாளில் பழைய பாக்கி எல்லாம் தலைகாட்டும் என்ற சிரமம் இருக்கிறது. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் மஞ்சள் போர்டு வரியில் நட்டப்படவில்லை.

சரக்கு வண்டியைச் சொந்த வண்டியாகப் பதிய மாநில அரசு தயங்குவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எடை வரியைக் கட்டிக்கொண்டு வெள்ளை போர்டு வைத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டால், 20 சதவீதம் கட்ட வேண்டிய வசதிக்காரர்கள் பாதிப் பேர் அந்த வாசலில் நுழைவார்கள். அரசின் இந்த அச்சம் நியாயமானது. லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களின் அச்சமும் நியாயமானது. சொந்த உபயோகம் என்று சலுகை வாங்கியவர் கூலிக்கு ஓடத் தொடங்கினால், எல்லாக் கட்டணமும் கட்டி நிற்கும் அவர்களின் சவாரிதான் போகும். வெள்ளை போர்டுக் கார்கள் வாடகைக்கு ஓடுவதால் டாக்சிக்காரர்கள் இப்போதே படும் பாடு நாம் அறிந்தது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இருந்தும் அது நிற்கவில்லை.

மத்திய வரிகளில் ஒவ்வொன்றும் வேறு வேறு கோலால் அளக்கிறது. ஜிஎஸ்டி வண்டியின் உருவத்தைப் பார்க்கிறது. ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் வரை ஏறும் பயணி வண்டிக்குக் கட்டிய வரியை, டாக்சி போன்ற சில தொழில்களைத் தவிர, வியாபாரி திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. சரக்கு வண்டிக்குக் கழித்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கடைக்காரருக்குப் பிக்கப் வண்டி காரைவிடச் சாதகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் குடும்பத்துக்கு ஓடும் பங்குக்கான வரியைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வருமான வரியோ பயன்பாட்டைப் பார்க்கிறது. வாடகைக்கு ஓடும் லாரிக்கும் டாக்சிக்கும் தேய்மானம் 30 சதவீதம், சொந்த வியாபாரத்துக்கு ஓடும் அதே லாரிக்கு 15 சதவீதம்தான் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. மஞ்சள் போர்டு இருக்கிறதே என்று 30 போட்டுக் கணக்குக் காட்டினால் கேள்வி வரும். சொந்தத்துக்கு ஓட்டிய பங்குக்கான டீசலையும் செலவாகக் காட்டக் கூடாது.

சுங்கச் சாவடியில் இன்னொரு வேறுபாடு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்க உதவும் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்தது. அது வணிகப் பயன்பாடில்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். வண்டி எந்த வகை என்பது 'வாகன்' என்ற அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து திருச்சிக்குக் குட்டி யானையில் போகிறவருக்கு அந்தப் பாஸ் கிடையாது.

பிரீமியம் எவ்வளவு, எதற்கு

இப்போது காப்பீட்டுக்கு வருகிறேன். மூன்றாம் நபர் பிரீமியத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி வைக்க முடியாது, ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில் 1,000 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள நான்கு சக்கரச் சரக்கு வண்டிக்கு, பப்ளிக் கேரியர் என்றால் 16,049. ஒன்றரை டன் எடையுள்ள குட்டி யானையும் ஏழு டன் ஈச்சரும் இதில் ஒரே படி. மண்டிக்குப் போய்வரும் வண்டியும் தினம் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் வண்டியும் ஒரே படி.

தொழில் வண்டிக்குப் பிரீமியம் கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அதிகத் தூரம், இரவு ஓட்டம், பாரம், அடிக்கடி மாறும் டிரைவர். அத்தனையும் நெடுந்தூர லாரிக்குப் பொருந்தும். மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓடும் விவசாயியின் வண்டிக்கு ஒன்றும் பொருந்தாது. ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. அது சொந்தச் சேதத்துக்கான பகுதிக்கு மட்டுமே. மூன்றாம் நபர் பகுதியில் தூரத்துக்கு மதிப்பில்லை.

முன்பு சொன்ன பழைய பிரிவு கைகொடுப்பது இங்கேதான். அதே பட்டியலில் பிரைவேட் கேரியர் என்று தனி வரிசை உண்டு. அதே 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு அந்த வரிசையில் 8,510 ரூபாய். ஏறக்குறையப் பாதி. தன் சரக்கை மட்டும் ஏற்றுபவர் இந்த விகிதத்தைக் கேட்கலாம். ஆனால் ஷோரூமில் வண்டி எடுக்கும் நாளில் ஏஜெண்ட் போடும் பாலிசி பெரும்பாலும் பப்ளிக் கேரியர்தான். கேட்டால் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கிறது, கேட்க வேண்டும் என்று பலருக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரைவேட் கேரியர் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வாழைத்தாரைக் கூலிக்கு ஏற்றினால், விபத்து நாளில் அந்த மிச்சம் பெரிய நட்டமாகத் திரும்பும்.

இருக்கை இருக்கிறது, காப்பு இல்லை

சரக்கு வண்டிப் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். அநேகமாக யாரும் படிப்பதில்லை. சரக்கு ஏற்றுவதற்கு மட்டுமே வண்டி பயன்பட வேண்டும், பதிவுச் சான்றில் உள்ள எண்ணிக்கைக்குள், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களைத் தவிர வேறு பயணிகளை ஏற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஆர்சி புக்கில் ஐந்து இருக்கை என்று அரசே எழுதிக்கொடுத்த வண்டியில், சுமை இறக்கும் தொழிலாளி உட்காரலாம். உரிமையாளரின் மனைவி உட்கார்ந்தால் அவர் 'கூலியில்லாப் பயணி'.

கூலியில்லாப் பயணிக்குக் காப்பீடு உண்டா என்பதில் நீதிமன்றங்கள் நெடுந்தூரம் நடந்திருக்கின்றன. 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் வண்டியில் வந்தால் அவர்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, சரக்கு வண்டியில் போகும் எவருக்கும் காப்பு உண்டு என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. அது மூன்று ஆண்டுகள்தான் நின்றது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மறுத்து, சரக்கின் சொந்தக்காரர் வேறு, சும்மா ஏறியவர் வேறு, பின்னவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்றது. 2004 ஜனவரியில் வந்த இன்னொரு மூவர் தீர்ப்பு சட்டம் அதுதான் என்று உறுதிசெய்துவிட்டு, அந்த வழக்கில் நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. சரக்கின் சொந்தக்காரரும் கேபினில் உட்கார்ந்திருந்தால்தான் காப்பு என்று பிறகு வந்த தீர்ப்பு இன்னும் இறுக்கியது. கோவிலுக்குப் போனவர்கள் தாங்கள் கொண்டுபோன பானையையும் ஆட்டையும் சரக்கு என்று காட்டி வழக்காடுவதன் பின்னணி இதுதான்.

'முதலில் கொடு, பிறகு வசூல் செய்' என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2018, 2019 ஆண்டுகளிலும் சரக்கு வண்டி, டிராக்டர் பயணிகளுக்குத் தந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு மாறான தீர்ப்பும் உண்டு. எந்த அமர்வின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்துக் குடும்பத்தின் கதி மாறுகிறது. 2019 திருத்தம் இந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கலாம். தீர்த்த விதம் வேறு. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள புதிய 147ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனப் பயணிகளைக் காப்பீட்டுக்குள் சேர்க்கும்போதே, சரக்கு வண்டியின் கூலியில்லாப் பயணிகள் நீங்கலாக என்று வெளிப்படையாக எழுதிவிட்டது.

'முதலில் கொடு, பிறகு வசூல் செய்' என்ற வழியின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். வண்டி பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் நிறுவனம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் வரும். வண்டி சொந்த வீட்டு வண்டி என்றால்? தாயை இழந்த பிள்ளைகளுக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அதை அவர்களின் தகப்பனாரிடமே வசூல் செய்யும். வாங்குவதும் திருப்பிக் கட்டுவதும் ஒரே வீடு. மறுத்ததற்கும் கொடுத்ததற்கும் அந்த வீட்டில் வித்தியாசம் இல்லை.

அதே குடும்பம் வெள்ளை போர்டுக் காரில் போயிருந்தால் என்ன ஆகும்? முழுக் காப்பீடு எடுத்த சொந்தக் காரில் பயணிப்பவர்களுக்கு நிறுவனம் பொறுப்பு என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சுற்றறிக்கை விட்டது, உச்ச நீதிமன்றம் 2012இல் அதை உறுதிசெய்தது. காருக்கு முழுக் காப்பீடு என்றால் குடும்பம் உள்ளே. சரக்கு வண்டிக்கு முழுக் காப்பீடு என்றாலும் குடும்பம் வெளியே. 'ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன்' என்று நம்பி வண்டியில் மனைவி மக்களை ஏற்றும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

திறந்த தொட்டியில் ஆட்களை அடைத்துப் போவதற்கு நான் வாதாடவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் கோவிலுக்குப் போன பிக்கப் வேன் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். தொட்டியில் இருக்கை கிடையாது, பெல்ட் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதைத் தடுக்கத்தான் வேண்டும். நான் கேட்பது கேபினுக்குள், அரசு எண்ணி எழுதிக்கொடுத்த இருக்கையில், பெல்ட் போட்டு உட்கார்ந்தவருக்கான காப்பு.

பிற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாலையில் போகும் வேற்று ஆள் மீது மோதினால், வண்டி எந்த வேலையாகப் போயிருந்தாலும் மூன்றாம் நபருக்குப் பணம் பெரும்பாலும் கிடைத்துவிடும். நிபந்தனை மீறல் இருந்தால் நிறுவனம் பின்னர் உரிமையாளரைத் துரத்தும். உரிமையாளரே ஓட்டி இறந்தால் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு தனியாக உண்டு, அவரிடம் செல்லத்தக்க உரிமம் இருந்திருக்க வேண்டும். வண்டியின் சேதத்தைப் பொறுத்தவரை, பயன்பாட்டு வரம்பை மீறினால் கோரிக்கையை அடியோடு மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழியை 2008, 2010 தீர்ப்புகள் திறந்தன. அவை சொந்தக் காரை வாடகைக்கு விட்ட வழக்குகள். உரிமம் பற்றிய பழைய சண்டை முடிந்துவிட்டது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்று ஐவர் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதியாகச் சொல்லிவிட்டது. 'பேட்ஜ் இல்லை, பணம் இல்லை' என்று சிறிய வண்டிக்காரரை இனித் திருப்பி அனுப்ப முடியாது.

வெளியேற வழிகள்

டாக்சியாக ஓடிய காரை வாங்கியவருக்கு வழி தெளிவு. பெர்மிட்டைச் சரண்டர் செய்து, பாக்கி வரியைக் கட்டி, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வாங்கி, வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரியைச் செலுத்தி, டி போர்டை ஓன் போர்டாக மாற்றிக்கொள்ளலாம். பாலிசியையும் அன்றே மாற்ற வேண்டும். போர்டை மாற்றிவிட்டு டாக்சி பாலிசியோடு ஓட்டுவதும், பாலிசியை மாற்றிவிட்டு மஞ்சள் போர்டோடு ஓட்டுவதும் ஒரே அளவு ஆபத்து.

சரக்கு வண்டிக்கு அந்தக் கதவு நடைமுறையில் சாத்தியே இருக்கிறது. எஞ்சுவது பாலிசியில் சேர்க்கும் மேலொப்புகள் (எண்டார்ஸ்மென்ட்). 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணப் புத்தகத்தில் 34ஆம் எண் மேலொப்பின் தலைப்பே, தொழில் ரக வண்டியை வணிகத்துக்கும் சொந்தத்துக்கும் பயன்படுத்துவது என்பதுதான். 37ஆம் எண் வரிசை கூலியில்லாப் பயணிகளுக்கான பொறுப்பைக் கூடுதல் பிரீமியத்துக்கு ஏற்பது. நம் குடும்பத்துக்கு வேண்டிய மருந்து இருபதாண்டுகளுக்கு மேலாக அலமாரியிலேயே இருக்கிறது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

பாக் நீரிணைக்கு அப்பால் பார்த்தால் வேறொரு ஏற்பாடு தெரியும். இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தில் ஆளும் சரக்கும் ஏற்றும் வண்டிக்கு இரட்டைத் தேவை வாகனம் என்று தனி வகுப்பே இருக்கிறது. வேன்களும் டபுள் கேப்களும் அதில் பதிவாகின்றன. பதிவுப் புள்ளிவிவரத்தில் அவற்றுக்குத் தனி வரிசை உண்டு. வவுனியாவில் தோட்டம் செய்பவர் தன் வண்டி எதற்கு ஓடுகிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் வேனுக்குக் காப்பீடு எடுப்பவரிடம் முதல் கேள்வியே பயன்பாடுதான்: வீட்டுக்கா, சொந்தச் சரக்குக்கா, கூலிக்கா? பதிலுக்கு ஏற்ப விலை. வண்டியின் உருவத்தை வைத்து ஆளின் நடத்தையை ஊகிக்காமல் நேரடியாகக் கேட்டுவிடுவது நமக்கும் கடினமான காரியமல்ல.

நாம் செய்யக்கூடியதைக் கணக்காகச் சொல்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட, தனிநபர் பெயரில் உள்ள சரக்கு வண்டிக்குச் 'சொந்த உபயோகம்' என்று ஒரு வகையை வாகன் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். ஒருவருக்கு ஒரு வண்டிதான். எஃப்சி இருக்கட்டும். வரி, எடை வரிக்கும் கார் ஆயுள் வரிக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும், அப்போது வசதிக்காரர் இதில் ஒளிய மாட்டார். கூலிக்கு ஓடிப் பிடிபட்டால் அந்த வகையை நிரந்தரமாக இழக்கட்டும், அப்போது லோடு வண்டிக்காரரின் பிழைப்பும் காப்பாற்றப்படும். காப்பீட்டில் பிரைவேட் கேரியர் விகிதமும், ஆர்சி புக்கில் உள்ள இருக்கைகளில் உட்காரும் எவருக்கும் காப்பும் சேர்ந்தே வரட்டும். இதற்கு 147ஆம் பிரிவில் அந்த 'நீங்கலாக' என்ற விலக்கை, கேபினில் இருப்பவருக்குப் பொருந்தாதபடி திருத்த வேண்டும். மாநில அரசால் தனியாக முடியாது, நாடாளுமன்றம் செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

அதுவரை உங்களிடம் மஞ்சள் போர்டு வண்டி இருந்தால் இந்த வாரமே பாலிசியை எடுத்துப் பாருங்கள். பப்ளிக் கேரியரா, பிரைவேட் கேரியரா என்று பாருங்கள். பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியை யாரிடமாவது கொடுத்துத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கூலியில்லாப் பயணிகளுக்கான மேலொப்பைச் சேர்க்கும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு முன் இதைச் செய்யுங்கள்.